முதல் சம்பளமும் அடுத்த பத்து ஆண்டுகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. படித்தவர்களின் தொடக்கச் சம்பளம் குறித்தும் பணி உயர்வு குறித்தும் வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், விவரம் கூடுதலாக இருந்த கடிதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

கேள்வி: பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். வளாகத் தேர்வில் சென்னை நிறுவனம் ஒன்றில் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய்க்கு வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 30,000 ரூபாய் வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஆனால் சென்ற ஆண்டு அங்கே சேர்ந்த சீனியர் அக்கா, கைக்கு 22,000 ரூபாய்தான் வரும் என்கிறார். நிறுவனம் ஏமாற்றுகிறதா?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: ஏமாற்று இல்லை, ஆனால் உங்கள் சீனியர் சொன்னதும் உண்மைதான். நியமனக் கடிதத்தில் இருக்கும் 3,60,000 ரூபாய், சி.டி.சி. என்று சொல்லப்படும் தொகை. உங்களை வேலைக்கு வைத்துக்கொள்வதற்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு அது. அதில் உங்கள் கைக்கு மாதந்தோறும் வருவது ஒரு பகுதி, உங்கள் பெயரில் வேறிடத்தில் சேர்வது ஒரு பகுதி, நிபந்தனையோடு பின்னால் வருவது ஒரு பகுதி.

கணக்குப் படித்தவர் என்பதால் எண்களாகவே பார்த்துவிடலாம். மாதம் 30,000 ரூபாயில் அடிப்படைச் சம்பளம் 15,000, வீட்டு வாடகைப்படி 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படையில் 12 சதவீதமான 1,800 ரூபாயை வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும், வேலையை விட்டுச் செல்லும்போது தரும் பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) 4.81 சதவீதம், அதாவது ஏறக்குறைய 722 ரூபாய் ஒதுக்கும். மருத்துவக் காப்பீட்டுக்கு 500 ரூபாய் போகும். 'வேரியபிள் பே' என்ற பெயரில் பத்து சதவீதம், மாதக் கணக்கில் 3,000 ரூபாய், ஆண்டு இறுதி மதிப்பீட்டுக்குப் பிறகே தரப்படும். எஞ்சுவது சுமார் 2,978 ரூபாய், அது சிறப்புப்படி. ஆக, சம்பளச் சீட்டில் மொத்தமாகத் தெரிவது 23,978 ரூபாய். அதிலிருந்து வைப்பு நிதிக்கு உங்கள் பங்கு 1,800 ரூபாயும், அரையாண்டுக்கு 1,250 ரூபாய் வரை போகும் தொழில்வரிக்காக மாதம் 200 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலும் பிடித்தால், கைக்கு வருவது ஏறக்குறைய 22,000 ரூபாய். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்காக 0.75 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு அது வராது.

இதில் வைப்பு நிதிக்குப் போகும் இரண்டு 1,800 ரூபாயும் உங்களுடையவைதான். நிறுவனத்தின் பங்கில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும், மீதி உங்கள் கணக்கில் சேரும். பணிக்கொடை அப்படியல்ல. பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவருக்குத்தான் அது கிடைக்கும். ஆகவே இரண்டாண்டில் வேலை மாறும் எண்ணம் இருப்பவர் அந்தத் தொகையைத் தன் சம்பளமாகக் கணக்கிடக் கூடாது.

சேருவதற்கு முன் மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்: வேரியபிள் தொகை எந்த அளவுகோலில் கணக்கிடப்படுகிறது, சென்ற ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதில் எவ்வளவு கிடைத்தது, பயிற்சிக் காலத்தில் முழுச் சம்பளம் உண்டா, குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டச் சொல்லும் ஒப்பந்தம் உண்டா, நோட்டீஸ் காலம் எத்தனை நாள். இவற்றைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். மரியாதையாகக் கேட்டதற்காக வேலையைத் திரும்பப் பெறும் நிறுவனம், பிறகும் உங்களை நன்றாக நடத்தப் போவதில்லை.

வீட்டில் 22,000 ரூபாய் என்று திருத்திச் சொல்லிவிடுங்கள். விடுதி வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை அப்பா அம்மா அந்தத் தொகையை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

கேள்வி: என் மகள் பி.பி.ஏ. முடித்திருக்கிறாள். தனியார் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. படிக்க இரண்டாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். 'அதிகபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 18 லட்சம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். கல்விக்கடன் வாங்கிச் சேர்க்கலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, அந்த 18 லட்சம் ஒரே ஒரு மாணவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம். அந்த மாணவர் பொறியியல் முடித்து நான்காண்டு வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ. சேர்ந்தவராகவும் இருக்கலாம். உங்கள் மகளுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அந்த எண் எந்தச் சான்றும் ஆகாது. சராசரியும் முழுமையாக உதவாது. இரண்டு மூன்று பேரின் பெரிய சம்பளம் மொத்தச் சராசரியையும் மேலே தூக்கிவிடும். வேலை பெற்ற எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு, அதுவே நீங்கள் கேட்க வேண்டிய எண். இடைநிலைச் சம்பளம் என்று அதைச் சொல்வார்கள்.

அந்த எண்ணைக் கல்லூரியின் வாய்மொழியாக மட்டும் கேட்டுத் திருப்தியடைய வேண்டியதில்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் வெளியிட்டுவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்வி நிறுவனங்கள், எத்தனை மாணவர்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதை ஆண்டுவாரியாகத் தர வேண்டும்; அந்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலும் வைக்க வேண்டும். அதைத் திறந்து பாருங்கள். தேர்ச்சி பெற்றவர்களிலிருந்து வேலை பெற்றவர்களையும் மேற்படிப்புக்குப் போனவர்களையும் கழித்தால் மிஞ்சுகிறவர்கள் எத்தனை பேர் என்பது விளம்பரத்தில் ஒருபோதும் வராது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கல்லூரி எந்தத் திசையில் போகிறது என்பதும் தெரியும். அந்த விவரத்தைத் தர மறுக்கிற அல்லது தட்டிக்கழிக்கிற கல்லூரிக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி கடனைப் பார்ப்போம். வட்டி 11 சதவீதம், திருப்பிச் செலுத்தும் காலம் பத்தாண்டு என்றால், 10 லட்சத்துக்கு மாதத் தவணை 13,775 ரூபாய். ஆனால் கல்விக்கடனில் படிக்கும் இரண்டாண்டும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். பருவத்துக்கு இரண்டரை லட்சமாக நான்கு முறை கடன் எடுத்து மூன்றாண்டு முடிவில் கட்டத் தொடங்கினால், தனிவட்டியாகவே ஏறக்குறைய இரண்டரை லட்சம் சேர்ந்திருக்கும். தவணை 17,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஆண்டுக்கு ஐந்து லட்சம் சி.டி.சி.யில் வேலைக்குச் சேர்பவரின் கைக்கு மாதம் முப்பதாயிரத்தைச் சற்று ஒட்டித்தான் வரும் என்பதை மேலே உள்ள பதிலிலிருந்து நீங்களே கணிக்கலாம். அதில் 17,000 போனால் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பெண் எதைக் கொண்டு வாழ்வாள்? படிக்கும்போதே வட்டியை மட்டும் நீங்கள் கட்டிவந்தால் தவணை 13,775 ரூபாயிலேயே நிற்கும். கல்விக்கடன் வட்டிக்கு வரிவிலக்கு உண்டு என்று யாராவது ஆசை காட்டினால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். அந்த விலக்கு பழைய வரிமுறையில் மட்டும்தான் உண்டு. தொடக்கச் சம்பளக்காரர் பெரும்பாலும் புதிய வரிமுறையில் வரியே கட்ட வேண்டியிருக்காது.

இவ்வளவையும் சொல்வது எம்.பி.ஏ. வேண்டாம் என்பதற்காக அல்ல. எங்கே, எப்போது என்பதே கேள்வி. உங்கள் மகள் ஓராண்டு ஒதுக்கி, ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வுக்கும், தமிழகக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வுக்கும் சேர்த்துத் தயாராகலாம். கேட் மதிப்பெண் நன்றாக வந்தால் திருச்சியில் 2011இல் தொடங்கிய ஐ.ஐ.எம். போன்ற இடங்களுக்கு முயலலாம். அங்கே கட்டணம் 10 லட்சத்தைவிட மிகக் கூடுதல்தான், ஆனால் வேலைவாய்ப்பு அந்தக் கடனைத் தாங்கும். டான்செட் மதிப்பெண் நன்றாக வந்தால் அரசுப் பல்கலைக்கழகத் துறைகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் தனியார் கட்டணத்தில் ஒரு சிறு பங்குக்கே அதே பட்டத்தைப் படிக்கலாம். நடுவில் நிற்கிற கல்லூரிகள்தான் ஆபத்து: கட்டணத்தில் பெரிய இடத்தின் சாயல், வேலைவாய்ப்பில் சிறிய இடத்தின் நிலை.

இன்னொன்றையும் மகளோடு பேசுங்கள். இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ. படிப்பவர், வகுப்பில் சொல்வதைத் தான் கண்டதோடு பொருத்திப் பார்க்கிறார். நிறுவனங்களும் அந்த அனுபவத்துக்குத் தனியாக விலை தருகின்றன. அவள் 21 வயதில் இருக்கிறாள். அவசரப்பட வேண்டியது எதுவும் இல்லை.

கேள்வி: பி.காம். முடித்து மூன்றாண்டாகத் திருப்பூரில் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். சம்பளம் 16,000 ரூபாய். என்னோடு படித்த நண்பன் சென்னையில் பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 35,000 வாங்குகிறான். நான் தவறான இடத்தில் மூன்றாண்டை வீணாக்கிவிட்டேனா?
— வாசகர், திருப்பூர்

பதில்: வீணாகவில்லை, ஆனால் நான்காவது ஆண்டையும் அதே நாற்காலியில் கழித்தால் வீணாகத் தொடங்கும்.

உங்கள் வேலையை நினைத்துப் பாருங்கள். ஏழாம் தேதிக்குள், பிடித்தம் செய்த வரியான டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனை அறிக்கை, 20ஆம் தேதிக்குள் 3பி என்ற ஜி.எஸ்.டி. வரி அறிக்கை. நடுவில் வங்கிக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், வராத பில்லுக்காகக் கட்சிக்காரரை விரட்ட வேண்டும், நோட்டீஸ் வந்தால் பதில் தயாரிக்க வேண்டும். பத்து நிறுவனங்களின் கொள்முதல் முதல் இருப்புநிலைக் குறிப்பு வரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் நண்பர் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வரும் விலைப்பட்டியல்களைச் சரிபார்த்துப் பணம் செலுத்தும் ஒரு கட்டத்தை மட்டும் செய்துகொண்டிருப்பார். அந்த ஒரு கட்டத்தை அவர் மிகப் பெரிய அளவிலும், நல்ல மென்பொருளிலும், ஆங்கிலத்தில் பேசியும் செய்கிறார், அதற்குத்தான் 35,000. அவரும் அங்கிருந்து மாத இறுதிக் கணக்கு முடிப்பு, அறிக்கை தயாரிப்பு ஆகிய பக்கம் நகராவிட்டால் சில ஆண்டுகளில் தேங்கிவிடுவார். ஒரு மாதத்தின் கணக்கை முடித்து, சென்ற மாதத்தைவிடச் செலவு ஏன் கூடியது என்று மேலாளருக்கு விளக்கத் தெரிந்தவருக்கே இந்தத் துறையில் சம்பளம் ஏறுகிறது. பதிவு செய்பவர் எத்தனை வேகமாகச் செய்தாலும் ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை. அந்த வேலையை மென்பொருளும் எடுத்துக்கொண்டு வருகிறது.

திருப்பூரிலேயே உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் கடனின் கணக்கு, சுங்கவரித் திரும்பப்பெறல், ஆயத்த ஆடைகளுக்கான ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். என்ற வரித் திருப்பிச் சலுகை, ஜி.எஸ்.டி. ரீஃபண்ட், வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான வங்கிச் சான்று ஆகியவற்றைத் தானாகக் கையாளத் தெரிந்த கணக்கருக்கு எப்போதும் தேவை உண்டு. உங்கள் அலுவலகத்தின் கட்சிக்காரர்களிலேயே ஏற்றுமதியாளர்கள் இருப்பார்கள். அவர்களின் கோப்புகளைக் கேட்டு வாங்கி ஆறு மாதம் வேலை பாருங்கள்; பிறகு ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு வெளியே வேலை தேடுங்கள். நல்ல ஆடிட்டராக இருந்தால் அவரே ஓர் இடத்தைக் காட்டுவார்.

ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அங்கே ஊழியராக மட்டும் இருக்கிறீர்களா, அல்லது சி.ஏ. படிப்புக்கான ஆர்ட்டிகிள்ஷிப் என்ற கட்டாயப் பயிற்சியில் பதிவாகியிருக்கிறீர்களா? பதிவில்லாமல் பார்த்த மூன்றாண்டு வேலை, சி.ஏ. பயிற்சியில் ஒரு நாளாகக்கூடச் சேராது. பி.காமில் 55 சதவீதம் இருந்தால் அடிப்படைத் தேர்வு எழுதாமலேயே இடைநிலைத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம்; 2023 முதல் ஆர்ட்டிகிள்ஷிப் காலமும் மூன்றாண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. சி.ஏ. கடினம் என்று தோன்றினால், வேலையோடு சேர்த்துப் படிக்கக்கூடிய, செலவுக் கணக்கியல் படிப்பான சி.எம்.ஏ. இருக்கிறது, உற்பத்தி நிறுவனங்கள் அதை மதிக்கின்றன. உங்களைப் போல வேலையின் உள்விவரம் தெரிந்தவருக்குப் பாடப்புத்தகம் வேகமாகப் புரியும்.

கேள்வி: எனக்கு விற்பனை வேலை பிடிக்காது. ஆனால் எம்.பி.ஏ. முடித்த எனக்கு வந்த மூன்று வாய்ப்புகளும் விற்பனைதான். மனிதவளத் துறை கிடைக்கும்வரை காத்திருக்கவா?
— வாசகி, மதுரை

பதில்: ஆறு மாதம் வேண்டுமானால் காத்திருங்கள், அதற்கு மேல் வேண்டாம். மனிதவளத் துறையில் புதியவர்களுக்கான இடங்கள் குறைவு, அந்த இடங்களும் பெரும்பாலும் ஆட்சேர்ப்பு முகமைகளில்தான் தொடங்கும். அங்கேயும் மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற இலக்கு உண்டு. ஆகவே இலக்குதான் பிடிக்கவில்லை என்றால் துறை மாறுவதால் அது போய்விடாது.

விற்பனை என்ற ஒரே பெயருக்குள் மிக வேறான வேலைகள் இருக்கின்றன. தெரிந்தவர்களையும் உறவினர்களையும் பட்டியல் போடச் சொல்லி அவர்களிடம் காப்பீடு விற்கச் சொல்லும் இடத்தைத் தயங்காமல் மறுத்துவிடுங்கள். பட்டியல் முடிந்ததும் வேலையும் முடிந்துவிடும். நுகர்பொருள் நிறுவனத்தில் ஒரு பகுதிக்கு விற்பனை அலுவலராகச் சேர்ந்தால், விநியோகஸ்தர்களின் முதலீடு, இருப்பு, கடைக்காரர்களுக்குத் தரும் கடன் ஆகியவற்றை நேரில் கற்பீர்கள். அங்கிருந்து ஏரியா மேலாளர், மண்டல மேலாளர் என்ற படிக்கட்டு தெளிவாக இருக்கிறது. வாகனக் கடன் நிறுவனங்களும் அப்படித்தான். 1954இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், 1974இல் தொடங்கிய ஸ்ரீராம், 1978இல் தொடங்கிய சோழமண்டலம் என்று இந்தத் துறையின் பெரிய நிறுவனங்கள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. ஒரு லாரி உரிமையாளரால் தவணை கட்ட முடியுமா என்று ஆவணங்களையும் ஆளையும் பார்த்துக் கணிக்கத் தெரிந்தவர், கடன் மதிப்பீட்டுப் பிரிவுக்கு நகர முடியும். அது அலுவலக வேலைதான். மூன்று வாய்ப்புகளில் நிலையான சம்பளம் எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு, பெட்ரோல் செலவு தனியாக உண்டா, வசூலும் உங்கள் தலையில் விழுமா என்று கேட்டு எழுதிவைத்து, பிறகு ஒப்பிடுங்கள்.

கேள்வி: வங்கி அதிகாரித் தேர்வுக்கு இரண்டாண்டாகப் படிக்கிறேன். தனியார் வேலைக்குப் போன நண்பர்கள் முன்னேறிவிட்டார்கள். தொடர்ந்து படிக்கலாமா?
— பி.காம். பட்டதாரி, வயது 24, நாமக்கல்

பதில்: வங்கி வேலையின் தொடக்கச் சம்பளம் இப்போது வணிகப் பட்டதாரிக்குக் கிடைக்கக்கூடியவற்றில் மிக நல்லது. 2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தத்தின்படி, பொதுத்துறை வங்கியில் புதிதாகச் சேரும் அதிகாரியின் அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய்; அகவிலைப்படியும் பிற படிகளும் அதற்கு மேல். முதல் நிலையிலிருந்து பொது மேலாளர் பதவியான ஏழாம் நிலை வரை படிகள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. பட்டப்படிப்பை எங்கே படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். கிராமத்துக் கல்லூரி மாணவருக்கு இவ்வளவு நேர்மையாகத் திறந்திருக்கும் கதவுகள் அதிகம் இல்லை. இடமாற்றம், கிராமப்புறக் கிளை, இலக்கு அழுத்தம் ஆகியவை உண்டு. 2010 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 30, பிற்படுத்தப்பட்டோருக்கு 33 என்பதால் காலம் இருக்கிறது. முதல்நிலைத் தேர்வில் தொடர்ந்து தேறி, முதன்மைத் தேர்வில் சில மதிப்பெண்ணில் தவறுகிறீர்கள் என்றால் இன்னும் ஓராண்டு முழுநேரமாகப் படிப்பதில் நியாயம் உண்டு. முதல்நிலையிலேயே தடுக்கிறது என்றால், நாமக்கல்லிலோ சேலத்திலோ ஒரு கணக்கு வேலையில் சேர்ந்து, காலையிலும் இரவிலும் படியுங்கள். வங்கித் தேர்வு கைகூடாமல் போனாலும் 27 வயதில் உங்கள் கையில் மூன்றாண்டு அனுபவம் இருக்கும்; அப்போது நேர்காணலில் ஐந்தாண்டு வெற்றிடத்தை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிராது. விண்ணப்பிக்கும்போது அதிகாரித் தேர்வோடு எழுத்தர் தேர்வையும் விடாமல் எழுதுங்கள். எழுத்தராகச் சேர்ந்து, வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளை முடித்து, உள்ளேயிருந்தே அதிகாரியானவர்கள் எல்லா வங்கிகளிலும் இருக்கிறார்கள்.